எண்ணிப் பார்க்காதவருக்கு எல்லாமே பத்திரம்

நரம்புச் சேதத்துக்கான பெப்டைடு ஊசிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு தகவல் சரி. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கால் மரத்துப்போனவர்களும் விரலில் உணர்ச்சி இழந்தவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்த வேதனையை முதல் பத்தியில் உருக்கமாகச் சொல்லிவிட்டு, மீதிப் பக்கங்களில் அதையே மூலதனமாக்கியிருக்கிறார் கட்டுரையாளர். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று லேபிள் ஒட்டிய குப்பிகளை வாங்கி வயிற்றுச் சதையில் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். கேட்டால் சிபாரிசு இல்லையாம், தகவல் பகிர்வாம். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பிறகா என்பது வரை அட்டவணை போட்டுவிட்டு அதைத் தகவல் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

அவருடைய வாதத்தைச் சுருக்கித் தருகிறேன், திரித்துத் தரவில்லை. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி, உடம்பே தயாரிக்கிற சரக்கு, ஆகவே அது கெடுதல் செய்யாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் பெரிய பக்கவிளைவு எதுவும் தென்படவில்லை. லாபம் வராது என்பதால் மருந்துக் கம்பெனிகள் இதை அமுக்கிவைத்திருக்கின்றன. கடைசியாக, சாம்பலையும் அமோனியாவையும் சுவாசித்து ஏற்கெனவே சோதனை எலிகளாக வாழும் வடசென்னைக்காரர்களிடம் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் யோக்கியதை இல்லை.

முதல் வாதத்துக்குப் பதில் சொல்ல மருத்துவப் படிப்பு வேண்டாம். இன்சுலினும் உடம்பே செய்வதுதான். 51 அமினோ அமிலங்கள். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்து, ‘லோ சுகர்’ ஆகி வியர்த்து விழுந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய கதை சர்க்கரைக்காரர் உள்ள பல வீடுகளில் உண்டு. தேள் கொடுக்கில் இருப்பதும் பெப்டைடுதான். அவ்வளவு ஏன், கூம்பு வடிவக் கடல் நத்தை ஒன்றின் விஷத்தைப் பார்த்துச் செய்யப்பட்ட சிக்கோனோடைடு என்ற பெப்டைடு, 2004-இல் அமெரிக்காவில் வலி மருந்தாக முறையான அனுமதி பெற்றது. தண்டுவடத் திரவத்துக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டிய மருந்து அது. இல்லாததைப் பார்ப்பது, புத்தி தடுமாறுவது ஆகியவை அதன் எச்சரிக்கைப் பட்டியலில் முதலில் நிற்கின்றன. நல்லதோ கெட்டதோ, ஒரு பொருள் பெப்டைடு என்பதிலிருந்து அதன் குணத்தைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

அவர் அதிகம் புகழும் ஏஆர்ஏ-290, அதாவது சிபினெடைடு, எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும். எரித்ரோபொய்டின் என்று சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு. ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லும் ஹார்மோன். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ‘ஈபிஓ ஊசி’ என்று பழக்கமானது. அந்த மூலக்கூறின் ஒரு பக்கத்தின் வடிவத்தைப் பார்த்து, 11 அமினோ அமிலங்களில் செய்யப்பட்டது சிபினெடைடு. சிவப்பணுவைத் தொடாமல் திசுவை மட்டும் காக்க வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் ஈபிஓ வந்த வழியில் மூன்று முறை நடந்ததைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

1998-இல் ஐரோப்பாவில் ஒரு ஈபிஓ மருந்தின் கலவையை மாற்றினார்கள். மருந்து அதேதான், அதை நிலைப்படுத்தச் சேர்க்கும் துணைப்பொருள்தான் மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் சில நோயாளிகளின் உடல் அந்த ஊசி மருந்துக்கு எதிராக எதிர்ப்பொருளை உருவாக்கியது. அந்த எதிர்ப்பொருள் ஊசியில் வந்ததை மட்டும் தாக்கவில்லை, அவர்களுடைய உடம்பு சொந்தமாகச் சுரந்ததையும் சேர்த்துத் தாக்கியது. சிவப்பணு உற்பத்தி அடியோடு நின்றுபோனது. ‘உடம்பே செய்வது’ என்பது இங்கே பாதுகாப்பாக இருக்கவில்லை, ஆபத்தே அதுதான்.

இரண்டாவது, ஈபிஓவை நரம்பைக் காக்கும் மருந்தாகவே பயன்படுத்திப் பார்த்தது. ஜெர்மனியில் பக்கவாதம் வந்த 40 பேரிடம் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தந்தது. அதே குழு 522 பேரிடம் செய்து 2009-இல் வெளியிட்டது. ஈபிஓ பெற்றவர்களில் 16.4 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். வெற்று ஊசி பெற்றவர்களில் 9 சதவீதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்கள் அதில் நிறைய, அந்தச் சேர்க்கைதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம். 40 பேரோடு நிறுத்தியிருந்தால் அந்தச் சந்தேகம்கூட எழுந்திருக்காது.

மூன்றாவதுதான் இந்த விவாதத்துக்கு மிக நெருக்கமானது. ஈபிஓ வேலையைச் செய்வதற்காக ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகக் கட்டிய பெப்டைடு, பெஜினெசடைடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளிடம் சோதித்து, 2012 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. ஏறத்தாழ 25,000 பேருக்குப் போட்ட பிறகு, 2013 பிப்ரவரியில் சந்தையிலிருந்து மொத்தமாகத் திரும்பப் பெறப்பட்டது. முதல் ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள் கடும் ஒவ்வாமை வந்து சிலர் இறந்தார்கள். பத்தாயிரத்தில் இருவர் என்ற கணக்கு. அந்தச் சாவு நடந்த இடம் டயாலிசிஸ் மையம்: பக்கத்தில் செவிலியர், கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின், ஆக்சிஜன். கட்டுரையாளர் ஊசி போடச் சொல்லும் இடம் கொருக்குப்பேட்டையில் மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறை.

இப்போது ‘பக்கவிளைவு தென்படவில்லை’ என்பதற்கு வருவோம். சிபினெடைடை மனிதர்களிடம் சோதித்த ஆய்வுகள் சில உண்டு. சார்காய்டோசிஸ் என்ற நோயால் நுண்நரம்புகள் கெட்டவர்கள் 22 பேரிடம் நெதர்லாந்தின் லெய்டனில் நடந்தது ஒன்று. பிறகு 64 பேரிடம், மூன்று வெவ்வேறு அளவுகளில், வெற்று ஊசியோடு ஒப்பிட்டு இன்னொன்று. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்ததில் மொத்தமே ஐம்பது பேருக்கு மேல் இல்லை. அதிலும் பாதிப் பேருக்கு வெற்று ஊசி. மருந்து கொடுத்தது நான்கு வாரம். விழிவெண்படலத்தின் நரம்பிழைகள் கொஞ்சம் கூடின, வலி கொஞ்சம் குறைந்தது என்று கிடைத்த முடிவுகள் உண்மையிலேயே ஆர்வமூட்டுபவை. மேலும் ஆராயத் தகுந்தது என்று சொல்ல அவை போதும். நான்கு வாரத்தை நான்கு மாதமாக்கி அட்டவணை போட அவை போதாது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. 30 பேருக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, அவர்களில் ஒருவருக்கும் ஒரு குறிப்பிட்ட தீங்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது, அந்தத் தீங்கு பத்தில் ஒருவருக்கு மேல் வராது என்பது மட்டும்தான். மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த எல்லை கிடைக்கும். புள்ளியியல் படித்தவர்களுக்கு அரிச்சுவடி. பத்தாயிரத்தில் இருவரைக் கொல்லும் மருந்தை முப்பது பேரில் பார்த்துப் பிடிக்க முடியாது. அவர் ‘தென்படவில்லை’ என்று எழுதும் இடத்தில் ‘தென்பட வழியில்லை’ என்று படித்துக்கொள்ளுங்கள், கட்டுரை சரியாகிவிடும்.

பலனைப் பற்றியும் இதே கதைதான். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை நீரிழிவு நரம்புச் சேதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 250 பேரிடம் செய்த ஆய்வு 1998-இல் வெளிவந்தபோது விடிவு வந்துவிட்டது என்று பேச்சு. 1,019 பேரிடம், 48 வாரம் செய்த ஆய்வு 2000-இல் வந்தது. பலன் இல்லை. ஊசி போட்ட இடம் நன்றாக வலிக்கும் மருந்து அது. தனக்குக் கிடைத்தது அசல்தான் என்று வலியை வைத்தே நோயாளி கண்டுபிடித்துவிடலாம். அந்த நம்பிக்கையே முந்தைய முடிவில் பலனாகப் பதிவாகியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. காசு கொடுத்து, யாருக்கும் தெரியாமல் வரவழைத்து, தானே கலந்து, தானே குத்திக்கொள்பவரின் நம்பிக்கை இதைவிடப் பல மடங்கு பெரியது அல்லவா?

தன் தரப்புக்குச் சாட்சியாக அவர் கொண்டுவருவது, பவர் பிரஸ்ஸில் கை மாட்டி மணிக்கட்டில் நரம்பு அறுந்த ஒரு தொழிலாளி. ஸ்டான்லி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, பிறகு பெப்டைடு, ஐந்தாவது மாதம் விரலில் உணர்ச்சி எட்டிப்பார்த்தது. பெப்டைடுக்கு வெற்றி! தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும் என்பது கை மருத்துவத்தின் பாலபாடம். மணிக்கட்டிலிருந்து விரல்வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஐந்து, ஆறு மாதம் தானாக வந்து நிற்கும். தொழிற்சாலைகளில் நசுங்கி வரும் கைகளுக்காகவே டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் கட்டியெழுப்பிய துறை நாடறிந்தது. அரசு மருத்துவமனையில் கை மாற்று அறுவை சிகிச்சையை 2018-இல் செய்து காட்டிய துறையும் அதுதான். நுண்ணோக்கியில் கண் வைத்து மணிக்கணக்கில் நின்று தைத்தவர்களின் கைவண்ணத்தை, கூரியரில் வந்த பொடியின் கணக்கில் எழுதிவிட்டார்.

‘எரிச்சல் நின்றுவிட்டது’ என்ற சாட்சியங்களும் அவர் கட்டுரையில் நிறைய. சர்க்கரைக்காரர் காலில் எரிச்சல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நரம்பு தேறியிருக்கலாம். அல்லது எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பும் செத்துப்போயிருக்கலாம். இரண்டாவது நடந்தவருக்கும் அன்றிரவு நிம்மதியாகத் தூக்கம் வரும். காசிமேட்டு ஏலத்தில் ஐஸ் தண்ணீரில் நின்றுவிட்டு வீடு திரும்பி, செருப்பைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் கெளுத்தி முள் ஏறியதே தெரிகிற கால் அது. எது நடந்தது என்று அறிய, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ‘தெரியுதா?’ என்று கேட்பார்கள். ஐந்து நிமிட வேலை. கட்டுரையில் வரும் சாட்சிகளில் ஒருவருக்கும் அது செய்யப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு குப்பி, பிபிசி-157. 15 அமினோ அமிலங்கள். இதைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி சாக்ரெப் நகரத்து ஒரு குழுவிடமிருந்து, பெரும்பாலும் எலிகளில். மனிதர்களிடம் நடந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு முயற்சிகள். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2022-இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. மருந்தகங்கள் கலந்து கொடுக்கக் கூடாத அளவுக்குப் பாதுகாப்புச் சந்தேகம் உள்ள பொருள்களின் வரிசையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023-இல் இதை வைத்தது. எதிர்ப்பொருள் உருவாகும் அபாயமும் தயாரிப்பில் ஒட்டிவரும் மாசுகளும் சொல்லப்பட்ட காரணங்கள். இதன் பெருமையாக அவர் சொல்வது, புதிய ரத்தக்குழாய்களை வளர்க்கும் என்பது. சர்க்கரை நோய் காலைக் கெடுக்கும்போது கண்ணையும் சேர்த்தே கெடுக்கிறது. விழித்திரையில் தேவையில்லாத புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து, கசிந்து, பார்வை போகிறது. அந்த முளைப்பை நிறுத்தத்தான் கண் மருத்துவர் லேசர் வைக்கிறார், கண்ணுக்குள் ஊசி போடுகிறார். காலுக்காக ஏற்றிய மருந்து கண்ணுக்குப் போகாது என்பதற்கு எலியிலாவது சான்று உண்டா? இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

குப்பியையும் கொஞ்சம் பார்ப்போம். அவர் கொண்டாடும் ‘99 சதவீதம் தூய்மை’ சான்றிதழ், ஒரு கருவி அந்தப் பொடியில் பார்த்த வேதிப்பொருள்களின் விகிதம். மீதி ஒரு சதவீதம் என்ன? சங்கிலி கட்டும்போது பாதியில் அறுந்த துண்டுகளா, தவறான அமினோ அமிலம் மாட்டிக்கொண்ட இரட்டையா? உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்ப அந்த ஒரு சதவீதம் போதும். அந்தச் சான்றிதழ் கிருமி இல்லை என்று சொல்லவில்லை. செத்த பாக்டீரியா விட்டுப்போன நச்சு இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தத் தாள் இந்தக் குப்பிக்கு உரியதா என்பதே யாருக்கும் தெரியாது. கரைத்த பிறகு குளிரில் வைக்க வேண்டிய பொருள், மின்வெட்டில் எத்தனை மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தது என்பதை எழுதிவைப்பவரும் இல்லை.

கம்பெனிகளின் சதி என்ற வாதத்துக்கு ஒரு பத்தியே அதிகம். சிபினெடைடு ஆதரவற்ற அநாதை இல்லை. அராயிம் என்ற அமெரிக்கக் கம்பெனி வளர்த்த பிள்ளை. இன்சுலினும் செமாகுளுடைடும் பெப்டைடுகள்தான். அவற்றில் பணம் கொட்டும் தொழில் பெப்டைடைக் கண்டு அஞ்சுகிறது என்பது, மீன் வியாபாரிக்கு மீன் வாடை பிடிக்காது என்பது மாதிரி.

மிச்சமிருப்பது அவருடைய கடைசி வாதம். அதைத்தான் நான் லேசில் விட முடியவில்லை, ஏனென்றால் அதில் எங்கள் ஊரின் காயத்தைத் தொட்டுப் பேசுகிறார். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் கரையோரம் கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் தெருவில் ஓடினார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்திருந்தது. இதையெல்லாம் அடுக்கிவிட்டு, ‘இவர்களுக்கா பாதுகாப்புப் பாடம்?’ என்று கேட்கிறார்.

ஆமாம், இவர்களுக்குத்தான். அன்றிரவு காற்றில் அமோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், அனுமதித்த அளவு 400 என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்னது பசுமைத் தீர்ப்பாய வழக்கில் ஆதாரமாக நின்றது. அளக்காமல் விட்டிருந்தால், ‘யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்று அறிக்கை விட ஆலைகளுக்கு எவ்வளவு வசதி! எண்ணூர் மக்கள் வருஷக்கணக்காகக் கேட்பது ‘அளந்து சொல், பதிவு செய், பொறுப்பேற்றுக்கொள்’ என்பதை. கட்டுரையாளர் அவர்களுக்குப் பரிந்துகொண்டே நீட்டுவது, அளவும் பதிவும் பொறுப்பும் இல்லாத இன்னொரு குழாய்.

ஏழைகளை மருந்துச் சோதனைக்குப் பயன்படுத்திய அக்கிரமங்கள் இந்நாட்டில் நடந்தன. அதற்காக நீதிமன்றத்துக்கும் போனார்கள், விதிகளும் மாறின. 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, சோதனையில் சேர்ந்தவருக்குத் தீங்கு வந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். மருந்தால் வந்தது என்றால் நஷ்டஈடும் உண்டு. அனுமதி பெறாத மருந்தைக் கடும் நோயாளிக்காக அரசு மருத்துவமனை இறக்குமதி செய்யவும் அதே விதிகளில் வழி இருக்கிறது. குப்பி வாங்கியவருக்கு என்ன உண்டு? ஒரு கைபேசி எண். அதுவும் அடுத்த மாதம் உபயோகத்தில் இருக்காது.

சோதனை என்றாலே சுரண்டல் என்று எழுதுபவர், இந்த நகரத்திலேயே நடந்ததைப் படித்திருக்கலாம். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. நோயாளிகள் சென்னையின் பரம ஏழைகள். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது அந்த மையம். அங்கேதான் ஐசோநயசிட் மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கால் எரிச்சலும் மரமரப்பும் வந்தன. நரம்புச் சேதம்! மருந்தே செய்த நரம்புச் சேதம். அதை அமுக்கவில்லை, 1960-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். மருந்தை உடம்பு மெதுவாகச் செரிப்பவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்று கண்டார்கள். 1963-இல் சிறு அளவு பி-6 வைட்டமின் கொடுத்தால் தடுக்கலாம் என்று நிறுவினார்கள். காசநோய் மாத்திரையோடு இன்று கொடுக்கும் அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் இருப்பது, ஒவ்வொரு நோயாளியிடமும் ‘கால் எப்படி இருக்கு?’ என்று தவறாமல் கேட்டு எழுதிய நோட்டுப் புத்தகங்கள்.

அந்தக் கேள்வியை இன்று ராயபுரத்தில் கேட்டால் கிடைக்கும் பதில்கள் ஊசிக்கு வேலையே வைக்காமல் போகலாம். வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களில் பலருக்கு பி-12 குறைகிறது. அதனாலும் கால் மரக்கும், அதைச் சரிசெய்ய முடியும். பேட்டரி பட்டறையில் ஈயம், ஒட்டுபசையிலும் கரைப்பான்களிலும் உள்ள ஹெக்சேன், தினசரி குவார்ட்டர், தைராய்டு, இன்னும் முழுதாக ஒழியாத தொழுநோய் என்று நரம்பைக் கெடுக்கக் காரணம் பல. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். 1948-இல் ஸ்டான்லியில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு கண்ட டாக்டர் எம். விசுவநாதன் பிறகு மருத்துவமனை அமைத்ததும் இதே ராயபுரத்தில்தான். மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பு, வருஷம் ஒருமுறை பாதப் பரிசோதனை, கால் விரலிடுக்கைத் தினமும் பார்ப்பது ஆகிய மூன்றும் காலைக் காப்பாற்றியதை இந்தப் பகுதி கண்டிருக்கிறது. இவற்றில் ஒன்றையும் கட்டுரையாளர் குறிப்பிடவில்லை. காரணத்தைத் தேடாமல் எல்லாக் காலுக்கும் ஒரே குப்பி. ஈயம் தின்றவர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் அதே பட்டறைக்குப் போவார்.

அவருடைய அட்டவணையை நம்பி யாராவது ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால், குப்பியைக் குப்பையில் போட வேண்டாம். லேபிளோடு எடுத்துக்கொண்டு ஓ.பி.க்குப் போங்கள். என்ன போட்டீர்கள், எப்போது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுவார், பரவாயில்லை. மூச்சுத்திணறல், உடம்பெங்கும் தடிப்பு, பார்வை மங்கல் என்றால் 108. மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்ய மத்திய அரசின் இலவச எண் 1800-180-3024, நோயாளியே கூப்பிடலாம். மில்லிகிராம் அட்டவணைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர், அதன் அடியில் இந்த ஒரு வரியையும் சேர்த்திருந்தால் இடம் ஒன்றும் குறைந்திருக்காது.